பழைய வேத ஆங்கிலம்: வாசகர் கேள்வி பதில்

பழைய சமய நூல்களில் வரும் ஆங்கிலச் சொற்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: அப்பா வைத்திருந்த கிங் ஜேம்ஸ் பைபிளை இப்போது நான் வாசிக்கிறேன். 1 தெசலோனிக்கேயர் 4:15இல், ஆண்டவர் வரும்போது உயிரோடிருப்பவர்கள் இறந்தவர்களை 'பிரிவென்ட்' செய்யமாட்டார்கள் என்று இருக்கிறது. இறந்தவர்களை எதிலிருந்து தடுப்பது? (வாசகி, ஈசூன்)

பதில்: அங்கே தடுப்பது என்ற பேச்சே இல்லை. லத்தீனில் 'ப்ரே' என்றால் முன்னே, 'வெனிரே' என்றால் வருவது. கிங் ஜேம்ஸ் பைபிள் வெளிவந்த 1611இல் 'பிரிவென்ட்' என்றால் முந்துவது, முன்னே போவது என்றே பொருள். உங்கள் தமிழ் வேதாகமத்தில் அதே வசனத்தைப் பாருங்கள்: "நித்திரையடைந்தவர்களுக்கு முந்திக்கொள்வதில்லை" என்று தெளிவாக இருக்கும். சங்கீதம் 119:147இல் விடியலை 'பிரிவென்ட்' செய்தேன் என்று வருவதும் இப்படித்தான். விடியுமுன் எழுந்துவிட்டேன் என்று அர்த்தம். ஆங்கிலிக்கன் சபையின் 1662ஆம் ஆண்டு ஜெப நூலில், எங்கள் செயல்களிலெல்லாம் எங்களை 'பிரிவென்ட்' செய்யும் ஆண்டவரே என்று ஒரு ஜெபம் உண்டு. எங்களுக்கு முன்னே சென்று நடத்தும் என்ற வேண்டுதல் அது. இன்றைய பொருளில் படித்தால் எங்களைத் தடுத்து நிறுத்தும் என்று நேர் எதிராகிவிடும். முந்திப் போனவன் பின்னால் வருபவனுக்கு வழியை அடைக்கலாம் அல்லவா, அங்கிருந்துதான் சொல் மெல்லத் தடுப்பதற்கு நகர்ந்தது.

இதில் எல்லா வாசகர்களும் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. தெரியாத சொல் நம்மைக் கெடுப்பதில்லை. 'விஸ்ட்', 'ஹோல்பென்' என்று கண்டவுடன் அகராதியைத் தேடுவோம். அறிந்திருந்தான், உதவி பெற்ற என்று பொருள் கிடைத்துவிடும். கெடுப்பது தெரிந்த சொல்தான். 'பிரிவென்ட்' நமக்குத் தெரியும் என்ற நினைப்பில் நிற்காமல் வாசித்துப் போகிறோம்.

கேள்வி: மகனுக்கு இந்த ஆண்டு பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு). 2 தீமோத்தேயு 2:15ஐ ஆங்கிலத்தில் எழுதிப் படிப்பு மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறோம். 'ஸ்டடி' என்று தொடங்கும் வசனம். இது படிப்பைப் பற்றியதல்ல என்கிறார் நண்பர். (வாசகர், புக்கிட் பாத்தோக்)

பதில்: நண்பர் சொல்வது சரி. 1611இல் 'ஸ்டடி' என்றால் முழு மனதோடு முயற்சி செய் என்று பொருள். தமிழில் "வெட்கப்படாத ஊழியக்காரனாயும்" என்று தொடங்கி "ஜாக்கிரதையாயிரு" என்று முடிகிற வசனம் இது. பவுல் பேசுவது ஓர் ஊழியக்காரனுடைய வேலை நேர்மையைப் பற்றி. தாளை எடுக்க வேண்டியதில்லை. கீழே தமிழ் வசனத்தையும் எழுதிவிடுங்கள்; பிள்ளைக்கு முழுப் பொருளும் கிடைக்கும்.

கேள்வி: ரோமர் 1:13இல் பவுல் ரோமுக்கு வர நினைத்ததாகவும் 'லெட்' செய்யப்பட்டதாகவும் வருகிறது. அனுமதி கிடைத்தது என்றால் ஏன் போகவில்லை? (வாசகர், தெம்பனிஸ்)

பதில்: அனுமதி கிடைக்கவில்லை, தடைதான் கிடைத்தது. பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருந்தன. 'லேட்டன்' என்றால் விடுவது, 'லெட்டன்' என்றால் தடுப்பது. காலப்போக்கில் இரண்டும் ஒரே ஒலியாகி 'லெட்' என்றாயின. ஒரு சொல்லுக்கு இரண்டு எதிரெதிர்ப் பொருள் இருந்தால் குழப்பம்தானே, அதனால் தடுப்பது என்ற பொருள் பேச்சிலிருந்து விலகியது. ஆனாலும் முற்றாகச் சாகவில்லை. உங்கள் சிங்கப்பூர் கடப்பிதழின் உள்பக்கத்தில், இதை வைத்திருப்பவரைத் தடையின்றிப் போகவிடும்படி கேட்டுக்கொள்ளும் வாசகம் இருக்கிறது. 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்று வரும் இடத்தைப் பாருங்கள். அந்த 'லெட்' இதுதான். பூப்பந்தில் நடுவர் 'லெட்' என்று அறிவித்து ஆட்டத்தைத் திரும்ப ஆடச் சொல்வதும் நம் காதில் விழும் சொல்தான்.

எந்த 'லெட்' எங்கே என்று பிரிக்க ஒரு வழி உண்டு. பின்னால் இன்னொரு வினைச்சொல் வந்தால் (போகவிடு, இருக்கவிடு என்பதுபோல) விடுவது. வினை எதுவும் பின்தொடராமல் தனியே நின்றாலோ, 'ஃப்ரம்' என்ற சொல் தொடர்ந்தாலோ பெரும்பாலும் தடுப்பது என்று எடுத்துக்கொள்ளுங்கள். யாத்திராகமம் 5:4இல் பார்வோன் மோசேயையும் ஆரோனையும், ஜனங்களை ஏன் வேலையிலிருந்து 'லெட்' செய்கிறீர்கள் என்று கேட்கிறான். அங்கே 'ஃப்ரம்' இருக்கிறது. ஏசாயா 43:13இல் நான் செய்வதை யார் 'லெட்' செய்வார் என்பதில் பின்னால் வினை இல்லை. 2 தெசலோனிக்கேயர் 2:7இல் ஒரே வரியில் இரண்டு முறை வருகிறது, இரண்டும் தடுப்பதே.

அப்படியானால் விடுவதற்கு அந்தக் காலத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்பீர்கள். 'லெட்' உண்டு, கூடவே 'சஃபர்' உண்டு. மாற்கு 10:14இல் பிள்ளைகளை 'சஃபர்' செய்யுங்கள் என்பது அவர்களைத் துன்பப்படுத்தவோ சகித்துக்கொள்ளவோ சொல்லவில்லை. "சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்" என்பதே பொருள்.

கேள்வி: 'தவ்', 'தீ' என்பவை மரியாதைச் சொற்களா? தமிழில் ஆண்டவரை 'நீர்' என்று அழைப்பதுபோலவா? திருமண அழைப்பிதழில் 'தீ ஆர்ட்' என்று போட்டிருந்தார்கள். அது சரியா? (வாசகி, அங் மோ கியோ)

பதில்: 'தீ ஆர்ட்' பிழை. எழுவாயாக நிற்பது 'தவ்'. 'தவ் ஆர்ட்' என்றுதான் வரவேண்டும். நீ என்பதற்கு 'தவ்', உன்னை, உனக்கு என்பதற்கு 'தீ', உன் என்பதற்கு 'தை'. உயிரொலியில் தொடங்கும் சொல்லுக்கு முன்னும், பல இடங்களில் 'ஹெச்' எழுத்துக்கு முன்னும், 'தை' என்பது 'தைன்' ஆகும். உன்னுடையது என்று தனியே நிற்கும்போதும் 'தைன்'தான். பன்மையில் நீங்கள் என்பதற்கு 'யீ', உங்களை, உங்களுக்கு என்பதற்கு 'யூ'. வினையிலும் கவனம் வேண்டும். 'தவ்' வந்தால் வினை 'எஸ்ட்' என்று முடியும். அவன், அவள், அது வந்தால் 'எத்'. அழைப்பிதழிலும் நினைவஞ்சலி விளம்பரத்திலும் அதிகம் நடக்கிற தவறு இவற்றை மாற்றிப் போடுவது. ஆண்டவரைப் படர்க்கையில் சொல்லிவிட்டு வினையை 'எஸ்ட்' என்று முடிக்கிறார்கள். பழமையாக ஒலித்தால் போதும் என்று எழுதினால் இப்படித்தான் ஆகும். அச்சுக்குப் போகுமுன் யாரிடமாவது காட்டுங்கள்.

இனி மரியாதை விஷயம். கிங் ஜேம்ஸ் பைபிளில் 'தவ்' மரியாதையும் அல்ல, உரிமையும் அல்ல; ஒருமை, அவ்வளவுதான். கடவுளும் 'தவ்', அரசனும் 'தவ்', சாத்தானும் 'தவ்'. யோவான் 21:15ஐ இரண்டு மொழியிலும் வைத்துப் பாருங்கள். இயேசு பேதுருவிடம் கேட்பதும் 'தவ்', பேதுரு திரும்பச் சொல்வதும் 'தவ்'. தமிழில் இயேசு 'நீ' என்கிறார், பேதுரு "நீர் அறிவீர்" என்கிறான். அந்த மரியாதை தமிழ் தந்தது, ஆங்கிலத்தில் இல்லை. 1611க்கு முன்பே ஆங்கிலேயர் மரியாதைக்கு ஒருவரை 'யூ' என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆனாலும் மொழிபெயர்ப்பாளர்கள் 'தவ்' என்பதை விடவில்லை. எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் ஒருமையும் பன்மையும் தனித்தனியாக இருப்பதால் அதை ஆங்கிலத்தில் காட்ட இது கைகொடுத்தது.

அதனால் கிடைக்கும் பயன் பெரியது. லூக்கா 22:31, 32ஐ எடுங்கள். சாத்தான் கோதுமையைப்போல் புடைக்கக் கேட்டது 'யூ'வை. இயேசு வேண்டிக்கொண்டது 'தீ'க்காக. தற்கால ஆங்கிலப் பதிப்புகள் பலவற்றில் இரண்டும் 'யூ' ஆகிவிடுவதால், சாத்தான் கேட்டது பேதுரு ஒருவனை என்றே படத் தோன்றும். தமிழில் "உங்களைப் புடைக்கிறதற்கு" என்றும் "உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்றும் பிரிந்தே இருக்கிறது. சீடர்கள் அனைவருக்கும் சோதனை, வேண்டுதல் பேதுரு ஒருவனுக்கு. யோவான் 3:7இலும் இதே நுட்பம் உண்டு: சொல்வது நிக்கொதேமு ஒருவனிடம், மறுபடியும் பிறக்கவேண்டியது நீங்கள் எல்லாரும்.

முஸ்லிம் வாசகர்களும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். பிக்தால் 1930இல் வெளியிட்ட குர்ஆன் மொழிபெயர்ப்பிலும், யூசுஃப் அலியின் மொழிபெயர்ப்பிலும் இதே முறைதான். நம்பிக்கையாளர்களை விளிக்கும் வசனங்கள் 'ஓ யீ' என்று தொடங்கும். அரபியில் அது பன்மை. குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவில் 'தீ' வாக்கியத்தின் தலையில் நிற்பதால் அது எழுவாய் என்று மயங்கவேண்டாம். உன்னையே வணங்குகிறோம் என்று அழுத்தம் தருவதற்காக, அரபியில் இருப்பதுபோலவே, செயப்படுபொருளை முன்னே கொண்டுவந்திருக்கிறார்கள். ஜி.யு. போப் 1900இல் வெளியிட்ட திருவாசக ஆங்கிலத்தில் சிவனை விளிக்கும் 'தவ்' வடிவங்களையும் இந்த விதிகளைக் கொண்டே படிக்கலாம்.

கேள்வி: லேவியராகமம் 2ஆம் அதிகாரத்தில் 'மீட் ஆஃபரிங்' என்று வருகிறது. ஆனால் அதில் இறைச்சியே இல்லையே? (வாசகர், ஜூரோங்)

பதில்: இருக்காது. மெல்லிய மாவு, எண்ணெய், தூபவர்க்கம், உப்பு போன்றவைதான். அக்காலத்தில் 'மீட்' என்றால் பொதுவாக உணவு. இறைச்சியைக் குறிக்க 'ஃப்ளெஷ்' என்றார்கள். தமிழில் "போஜனபலி" என்று சரியாக இருக்கிறது. ஆதியாகமம் 1:29இல் விதை தரும் பூண்டுகளும் கனிகளும் 'மீட்' ஆகக் கொடுக்கப்படுவதும் இதனால்தான். 'கார்ன்' என்றால் மக்காச்சோளம் என்று நினைக்கவேண்டாம். அமெரிக்கக் கண்டத்துப் பயிர் அது, பழைய பாலஸ்தீனத்தில் கிடையாது. கோதுமை, வாற்கோதுமை போன்ற எந்தத் தானியத்துக்கும் 'கார்ன்' என்று பெயர்.

கேள்வி: 1 கொரிந்தியர் 13இல் 'சாரிட்டி' என்கிறது. நன்கொடை கொடுப்பதைத்தானே? (வாசகி, செங்காங்)

பதில்: அந்த அதிகாரத்தின் 3ஆம் வசனமே பதில் தருகிறது. எனக்கு உண்டான எல்லாவற்றையும் ஏழைகளுக்கு உணவாகக் கொடுத்தாலும் 'சாரிட்டி' இல்லாவிட்டால் பயனில்லை என்கிறது. கொடையே 'சாரிட்டி' என்றால் இந்த வரி நிற்காது. லத்தீன் 'காரித்தாஸ்' வழியாக வந்த சொல் இது, பொருள் அன்பு. டிண்டேல் 1526இல் அச்சிட்ட புதிய ஏற்பாட்டில் 'லவ்' என்றுதான் போட்டிருந்தார். 1611இல் 'சாரிட்டி' ஆயிற்று, 1881இன் திருத்திய பதிப்பு மறுபடியும் 'லவ்' என்றது. திருமணத்தில் இந்தப் பகுதியை வாசிப்பவர்கள் பழைய பதிப்பையே விரும்பினால், கேட்பவர்களுக்கு ஒரு வரி விளக்கம் முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி: இப்படி ஏமாற்றும் சொற்கள் இன்னும் சிலவற்றைத் தரமுடியுமா? (வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: 'குயிக்' என்றால் உயிருள்ள, விசுவாசப் பிரமாணத்தில் உயிருள்ளோரையும் மரித்தோரையும் என்ற இடத்தில் வருவது. 'குயிக்கென்' என்றால் உயிர்ப்பி. 'கான்வர்சேஷன்' என்றால் நடக்கை; 1 பேதுரு 3:1இல் மனைவி பேசி அல்ல, நடந்துகாட்டித்தான் கணவனை ஆதாயப்படுத்துகிறாள். 'பெக்யூலியர்' என்றால் சொந்தமான. மாற்கு 6:25இல் வரும் 'பை அண்ட் பை' என்றால் அப்புறம் அல்ல, உடனே. அதே வசனத்தில் வரும் 'சார்ஜர்' பெரிய தட்டு. அப்போஸ்தலர் 21:15இல் பவுலின் குழு எடுத்துக்கொண்ட 'கேரேஜஸ்' வண்டிகள் அல்ல, பிரயாண சாமான்கள். 'கோஸ்ட்' என்றால் ஆவி.

கேள்வி: சந்தேகம் வந்தால் நாமே எப்படிக் கண்டுபிடிப்பது? சில சொற்கள் சாய்ந்த எழுத்தில் இருக்கின்றனவே, அவற்றை அழுத்தி வாசிக்கவேண்டுமா? (வாசகர், பொங்கோல்)

பதில்: வாக்கியம் அறிவுக்குப் பொருந்தவில்லை என்றால் அங்கே நில்லுங்கள். முதலில் தமிழ் வேதாகமத்தைப் பாருங்கள். அது ஆங்கிலத்தைப் பார்த்துச் செய்ததல்ல, மூலமொழிகளிலிருந்து வந்தது. அதனால் ஆங்கிலச் சொல்லின் பொருள் மாற்றம் அதைத் தொடாது. அடுத்து, ஒத்துவாக்கிய நூலில் அதே சொல் வரும் மற்ற இடங்களைப் பாருங்கள். மூன்று நான்கு இடங்களில் ஒரே பொருள் பொருந்தினால் பெரும்பாலும் அதுதான். பிறகு அகராதி. இன்றைய பள்ளி அகராதி இதற்கு உதவாது. 1828இல் வெளிவந்த வெப்ஸ்டர் அகராதி இணையத்தில் இலவசம், வேத வசனங்களையே மேற்கோள் காட்டும். 20 தொகுதி ஆக்ஸ்ஃபர்ட் அகராதியில் வழக்கொழிந்த பொருளுக்கு முன்னால் சிறு கத்திக்குறி இருக்கும். அந்தக் குறியுள்ள பொருள்களில் 1500களிலும் 1600களிலும் மேற்கோள் உள்ளதைத் தேடுங்கள்.

சாய்ந்த எழுத்தை அழுத்தக்கூடாது. மூலத்தில் இல்லாத சொல்லை ஆங்கில இலக்கணத்துக்காகச் சேர்த்தோம் என்று காட்டும் அடையாளம் அது. சங்கீதம் 23இன் முதல் வரியில் 'இஸ்' சாய்ந்திருக்கும். அவர் என் மேய்ப்பர் என்று தமிழில் வினையில்லாமல் சொல்வதுபோலவே எபிரேயத்திலும் வினை கிடையாது. அந்தச் சொல்லை மெதுவாகக் கடந்துவிடுங்கள். அதே வரியின் கடைசியில் வரும் 'வான்ட்' விருப்பத்தைச் சொல்வதல்ல, குறைவுபடுவது, "தாழ்ச்சியடையேன்". மேய்ப்பர் எனக்கு வேண்டாம் என்று பிள்ளைகள் புரிந்துகொள்ளாதபடி, 'ஷெப்பர்ட்' என்ற சொல்லுக்குப் பின் நன்றாக நிறுத்தி வாசியுங்கள்.