கப்பலில் ஆறு மணி, தூத்துக்குடியில் என்ன மணி?

கேள்வி: எனக்கு 19 வயது, ஊர் தூத்துக்குடி. டி.என்.எஸ். என்ற ஒரு வருடக் கப்பல் படிப்பு முடித்து, இரண்டு மாதம் முன்பு சிங்கப்பூரில் ஒரு சரக்குக் கப்பலில் டெக் கேடட்டாக (பயிற்சி ஆபீசராக) ஏறினேன். தென்னாப்பிரிக்காவைச் சுற்றும் வரை ஒரே வாந்தி. இப்போது பிரேசிலில், சாந்தோஸ் துறைமுகத்துக்கு வெளியே சர்க்கரை ஏற்றுவதற்காக நங்கூரம் போட்டு நிற்கிறோம். பகலெல்லாம் துரு தட்டும் வேலை, சில நாள் ராத்திரி வாட்ச் (முறைக்காவல்) வேறு. பத்து மணி நேர ஓய்வு என்ற விதியெல்லாம் பேச்சுக்குத்தான். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றினேன் என்று, டெக் ஆட்களுக்கு மேஸ்திரியான போசன் எல்லார் முன்னாலும் கத்தினார். ட்ரெயினிங் ரெக்கார்ட் புக் பாதி காலி. கற்றுத்தர ஆளில்லை, பேசவும் ஆளில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குச் சாப்பாட்டைக் கேபினுக்கு எடுத்துப்போய், அம்மாவிடம் ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் சொல்லுவேன். அந்த ஆறுதல் ஒன்றுதான் இருக்கிறது. அம்மா காலை ஐந்து மணிக்கே இட்லிக் கடை திறந்து என்னைப் படிக்க வைத்தவர். பாதியில் இறங்கி வந்துவிடலாமா?
(பெயர் வேண்டாம்)

பதில்:

தம்பி,

கப்பலுக்குப் போன பிள்ளைகளின் முதல் கடிதம் பெரும்பாலும் இப்படித்தான் வரும். வாந்தி, துரு, போசன், தனிமை. வரிசைகூட மாறாது. அதனால் தட்டிக்கொடுத்து நேரத்தைப் போக்கப் போவதில்லை. வாந்தி நின்றுவிட்டது என்று நீயே எழுதிவிட்டாய். துரு தட்டாத கேடட் கிடையாது. நாளைக்கு ஆபீசராகி அந்த வேலையை வாங்கப் போகிறவனுக்கு அது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது கையால் தெரிந்திருக்க வேண்டும். போசன் கத்தினாரா, நல்லது. துருச்சில் கண்ணில் பாய்ந்தால் நடுக்கடலில் கண் டாக்டருக்கு எங்கே போவாய்? அதைப் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம் என்கிறாயா? அத்தனை சுத்தியல் சத்தத்தில் பக்குவமாகச் சொன்னால் யார் காதில் விழும்!

நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த "சாயங்காலம் ஆறு மணி"யைத்தான்.

சாந்தோஸில் மாலை ஆறு என்றால் தூத்துக்குடியில் நடுராத்திரி இரண்டரை. உனக்கு இது தெரியாது என்று சொல்லாதே. 15 டிகிரி தீர்க்கரேகைக்கு ஒரு மணி நேரம் என்பதைப் படித்துத் தேறித்தான் கப்பல் ஏறியிருக்கிறாய். சிங்கப்பூரில் நீ ஆறு மணிக்குக் கூப்பிட்டபோது அங்கே பிற்பகல் மூன்றரை, அம்மா கொஞ்சம் சாய்ந்திருக்கும் நேரம். தென்னாப்பிரிக்கா பக்கம் வந்தபோது அதே ஆறு மணி அவருக்கு இரவு ஒன்பதரை. மேற்கே போகப் போகக் கப்பல் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே வந்திருப்பார்கள். தள்ளிய ராத்திரிகளில் உனக்குத் தூக்கம்கூடக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்திருக்கும். நீ மட்டும் உன் ஆறு மணியை விட்டு நகரவில்லை. அம்மாதான் நகர்ந்து நகர்ந்து இரண்டரைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

ஐந்துக்குக் கடை திறக்கிறவர் நாலுக்காவது எழ வேண்டும். மாவாட்டி, பாத்திரம் கவிழ்த்துப் படுக்க மணி பத்தாகும். இரண்டரையிலிருந்து மூன்றரை வரை நீ அழுவதைக் கேட்டுவிட்டு அரை மணி நேரத்தில் அடுப்பு மூட்டுகிறார். பத்து மணி நேர ஓய்வு விதி உனக்குத் தெரிகிறது. அம்மாவுக்கு நாலரை மணி நேரம் கிடைக்கிறதே, அதை எந்தக் காகிதத்தில் எழுதி யாரிடம் கையெழுத்து வாங்குவது?

"அம்மா ஒன்றும் சொன்னதில்லையே" என்பாய். சொல்ல மாட்டார். அதனால்தான் நீ கணக்குப் பார்த்திருக்க வேண்டும். அம்மா என்றால் எந்நேரமும் விழித்திருப்பவள் என்று நினைக்கிற பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் உண்டு. மனசில் இருப்பதைக் கொட்டினால் பாரம் குறையும் என்பார்கள். குறையும், கொட்டியவனுக்கு. பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இட்லித் தட்டு முன்னால் நிற்கிறவர் உன் போசனை என்ன செய்ய முடியும்? உன் வாட்சை மாற்ற முடியுமா? சம்பாதிக்கக் கிளம்பிய பிள்ளைக்கு வீட்டுக் கடனை அடைப்பது மட்டும் கடமையில்லை. எதை வீட்டுக்கு அனுப்புவது, எதை அங்கேயே தீர்த்துக்கொள்வது என்று பிரிக்கத் தெரிவதும் கடமைதான். பொய் சொல்லச் சொல்லவில்லை. "இன்றைக்குக் கஷ்டமாக இருந்தது" என்று ஒரு வாக்கியம் போதும், ஒரு மணி நேரம் வேண்டாம்.

இன்னொன்று. ஆறு மணிதான் கப்பலில் வேலை ஓய்ந்து ஆட்கள் ஒன்றாக உட்காரும் நேரம். அந்த நேரம் பார்த்து நீ தட்டைத் தூக்கிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய்விடுகிறாய். அப்புறம் பேச ஆளில்லை என்றால் எப்படி? உன் கடிதத்தில் கப்பல் ஆள் என்று வருவது போசன் ஒருவர்தான், அவரும் கத்துவதற்காக. சமையல்காரர் எந்த ஊர், செகண்ட் மேட் எப்படி, கூட வாட்ச் நிற்கிற ஏபி, அதாவது தேர்ந்த மாலுமி, எத்தனை வருடமாகக் கடலில் இருக்கிறார், ஒரு வரி இல்லை. கயிறு பின்னுவதைப் பழைய ஏபிக்கள் மாதிரி யார் சொல்லித்தருவார்கள்? ஆனால் கேபின் கதவைத் தட்டி வந்து கற்றுத்தர மாட்டார்கள். மெஸ் ரூமில் உட்கார்ந்து சாப்பிடு. முதல் நாலு நாள் யாரும் கண்டுகொள்ளாமல் இருக்கலாம், இருக்கட்டும்.

ஓய்வு விஷயத்துக்கு வருகிறேன், அது நியாயமான குறை. 24 மணி நேரத்தில் பத்து மணி நேரம், அதை இரண்டு துண்டுக்கு மேல் ஆக்கக் கூடாது, ஒரு துண்டாவது ஆறு மணி நேரம் இருக்க வேண்டும். ஏழு நாளில் மொத்தம் 77. உனக்கு உண்மையில் குறைகிறதா என்று ஒரு வாரம் எழுதிப் பார். குறைந்தால் அந்தக் காகிதத்தோடு, கேப்டனுக்கு அடுத்தவரான சீஃப் ஆபீசரிடம் போ. எடுக்காத ஓய்வை எடுத்ததாக எழுதிக் கையெழுத்துப் போடாதே. இந்தப் பேச்சு போய்ச் சேரவேண்டிய இடம் அதுதான், அம்மாவின் காது இல்லை. யாராவது கை வைத்தாலோ அசிங்கமாக நடந்தாலோ அது வேறு கதை. நேரே கேப்டனிடம் போ. அவரும் கேட்கவில்லை என்றால், கம்பெனியில் இதற்கென்றே கரையில் நியமித்திருக்கும் ஆளின் நம்பர் கப்பலில் ஒட்டியிருக்கும், கூப்பிடு. உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் மணி பார்க்காதே, அம்மாவையே எழுப்பு, கேப்டனையும் எழுப்பு.

இறங்கி வந்துவிடலாமா என்று கேட்கிறாய். கடல் ஒத்துவராமல் கரைக்கு வந்து நன்றாகப் பிழைக்கிறவர்கள் உண்டு, அதில் வெட்கமில்லை. ஆனால் நீ இன்னும் அந்தக் கப்பலில் ஏறவே இல்லையே, எதிலிருந்து இறங்குவாய்? உன் படிப்புக்குப் பதினெட்டு மாதக் கடல் அனுபவம் வேண்டும். இந்த ஒப்பந்தம் முடிகிறவரை இருந்து பார்த்துவிட்டு எழுது, அப்போது பதில் சொல்கிறேன்.

அம்மாவிடம் பேசுவதை நிறுத்தச் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டு வேளையில் பன்னிரண்டேகாலுக்குக் கூப்பிடு. அங்கே இரவு எட்டே முக்கால், கடை வேலை ஓய்ந்திருக்கும். பத்து நிமிடம் போதும், அதில் பாதியாவது அவர் பேசட்டும். சர்க்கரையோடு கிழக்கே திரும்பினால் கடிகாரத்தை முன்னால் தள்ளுவார்கள், அப்போது கணக்கை மறுபடி போட்டு நேரத்தை மாற்று. ரெக்கார்ட் புக்கை எடுத்துக்கொண்டு சீஃப் ஆபீசரிடம் போவதை மட்டும் இந்த வாரமே செய்துவிடு. சரக்கு ஏற ஆரம்பித்துவிட்டால் அவருக்கு நின்று பேச நேரமிருக்காது.