அண்ணன் கேட்கும் கண்ணாடிக் கதவுக்கு மூன்றாவது டாப்-அப்பா?

கேள்வி: கடற்கரையை ஒட்டிய குடும்ப வீடு, எனக்கும் அண்ணனுக்கும் பொது. பத்து மாதமாகப் புதுப்பிக்கிறோம், அதுவரை நாங்கள் வாடகை வீட்டில். கடன் முழுக்க என் பெயரில். இடையில் இரண்டு முறை டாப்-அப் (அதே கடன்மேல் கூடுதல் கடன்) வாங்கிவிட்டேன். இந்தக் கோடையில் வாரம் தவறாமல் காற்றும் மழையும்தான், ஆனாலும் விடுமுறைக்கு அண்ணன் குடும்பம் வருவதால் இரண்டு வாரத்தில் குடிபோக வேண்டும். கடல் பார்த்த தாழ்வாரத்துக்குக் கண்ணாடி ஸ்லைடிங் கதவு போடச் சொல்கிறார் அண்ணன். கான்ட்ராக்டர் மீதிப் பணத்தை மொத்தமாகக் கேட்கிறார். இரண்டுக்கும் சேர்த்து இன்னொரு டாப்-அப் வாங்கலாமா? கையிலிருக்கும் சேமிப்பை, கடன் கொடுத்த இடத்திலேயே சொல்லும் 'முதலீட்டோடு சேர்ந்த காப்பீட்டில்' போடலாமா? போன மழையில் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஈரம் வேறு.

பதில்: கடன் என்றால் என்ன, வட்டி எப்படி ஓடும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், கடிதத்திலேயே கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். புயலும் வீடும் உங்களுக்கு இரண்டாவது பிரச்சினைதான். அண்ணன் ஒன்றைக் கேட்டதும் அன்று சாயங்காலமே டாப்-அப்புக்கு விண்ணப்பம் போடும் பழக்கம்தான் முதல் பிரச்சினை.

தொகைகளை வெளியிட வேண்டாம் என்றதால், உங்கள் மாத வருமானத்தை 100 என்று வைத்துப் பேசுகிறேன். முதலில் வாங்கிய கடனுக்குத் தவணை 25. முதல் டாப்-அப் வந்ததும் 32. அடுத்தது வந்ததும் 38. ஒவ்வொரு முறையும் 'ஆறேழுதானே கூடுகிறது' என்று தோன்றியிருக்கும், ஆனால் அந்த இரண்டு டாப்-அப்பில் வாங்கிய தொகை மட்டுமே உங்கள் ஒரு வருடச் சம்பளம். இப்போது கேட்பது 150: கதவுக்கு 80, கான்ட்ராக்டருக்கு 70. பத்து சதவீத வட்டியில் 15 வருடத்துக்கு நீட்டினால் தவணை 1.6தான் கூடும், வலிக்கவே வலிக்காது. முடியும்போது நீங்கள் கட்டியிருப்பது ஏறக்குறைய 290. அந்தக் கதவின் கீழ்த் தடத்தில் உப்பும் மணலும் புகுந்து இழுக்க முடியாமல் போய், அதைக் கழற்றி வேறு மாட்டிய பிறகும் நீங்கள் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? குடிபோவதைத் தள்ளிப்போடச் சொல்ல மாட்டேன். வாடகை 22, தவணை 38, வருமானத்தில் 60 அப்படியே போகிறது. இதை இன்னும் இழுப்பதில் அர்த்தமில்லை. வாடகை நின்றால் அந்த 22 கையில் மிஞ்சும், மூன்று மாதத்தில் 66. கான்ட்ராக்டருக்குத் தர வேண்டிய 70 கிட்டத்தட்ட அதிலேயே வந்துவிடுகிறது, டாப்-அப் எதற்கு? அவர் மொத்தமாகக் கேட்பார், கேட்கத்தான் செய்வார். ஒப்பந்தத்தில் கடைசித் தவணை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிட்டுப் பேசுங்கள். பாதியை இரண்டு மாதத்தில் தருகிறேன், மீதிப் பாதி இந்தக் காற்று மழைக்காலம் முடிந்து கூரையும் ஜன்னலும் ஒழுகாமல் நின்ற பிறகு என்று சொல்லி, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கட்டுமானத்தில் ஒரு பகுதியைக் குறை சரிபார்க்கும் வரை நிறுத்திவைப்பது வழக்கமான ஏற்பாடுதான், அவருக்கும் அது புதிதல்ல.

அந்த ஈரத்தை விடாதீர்கள். நான் மேஸ்திரி இல்லை, ஆனால் ஒன்று தெரியும்: மழை வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒருவர் வெளியே நின்று ஜன்னலின் கீழ் விளிம்பிலிருந்து மெல்ல மேலே போகும்படி பத்து நிமிடம் ஹோஸ் தண்ணீர் அடிக்கட்டும், நீங்கள் உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்து எந்த இடத்தில் முதலில் கசிகிறது என்று பாருங்கள், கான்ட்ராக்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஈரம் காயாத சுவரில் சிலிக்கானும் பெயின்ட்டும் பூசி மறைத்துவிட்டுப் பணம் கேட்டால், அந்த மீதிப் பாதி உங்கள் கையில் இருப்பதன் அருமை அப்போது தெரியும். அதுவரை அந்த அறையில் மெத்தை, அலமாரி எதையும் கொண்டுபோய் அடுக்காதீர்கள்.

அப்புறம் அந்த முதலீட்டுக் காப்பீடு. வேண்டாம், நீளமாக விளக்கப் பொறுமையில்லை. முதல் சில வருடம் பணத்தை எடுக்க முடியாத ஒன்றில், எந்த மாதமும் தேவைப்படக்கூடிய பணத்தை யாராவது போடுவார்களா? நீங்கள் அனுப்பிய வீட்டுக் காப்பீட்டுத் தாளைப் பாருங்கள். புயல் சேதத்துக்குக் காப்பீட்டுத் தொகையில் முதல் 2 சதவீதம் உங்கள் பொறுப்பு என்று இருக்கிறது. தொகை எவ்வளவு? புதுப்பிப்பதற்கு முன்பு போட்ட 1500. இன்று அதே வீட்டைத் திரும்பக் கட்ட 3000 ஆகும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு என்றால், 200க்குச் சேதமானாலும் 100ஐ அடிப்படையாக வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள், உங்கள் தாளில் அந்த விதி நான்காம் பக்கத்தில் இருக்கிறது. தொகையை 3000 ஆக உயர்த்துங்கள் (நிலத்தின் விலையைச் சேர்க்காமல், கட்டும் செலவை மட்டும்). அப்போது உங்கள் பங்கான 2 சதவீதம் 60. உங்கள் சேமிப்பும் சரியாக 60தான். அதைத் தொடாமல் வையுங்கள், சாதாரண சேமிப்புக் கணக்கில், சலிப்பூட்டும் வட்டியில்.

இதை இந்த வாரமே செய்யுங்கள். வீடு இத்தனை மாதம் பூட்டிக்கிடந்ததையும் வேலை நடந்ததையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பல பாலிசிகளில் ஆளில்லாத வீட்டுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. கடலில் புயல் உருவாகிவிட்டது என்று செய்தி வந்த பிறகு தொகையை உயர்த்தக் கேட்டால் பெரும்பாலும் கதவைச் சாத்திவிடுவார்கள். காற்றால் வரும் சேதமும் கடல் நீர் புகுந்து வரும் சேதமும் இரண்டும் அதில் அடங்குமா என்றும் கேளுங்கள், சில பாலிசிகளில் ஒன்று இருக்கும், மற்றது இருக்காது.

அண்ணனிடம் என்ன சொல்வது? வீடு இருவருக்கும் பாதிப் பாதி, கடன் மட்டும் உங்களுக்கு முழுசாக. இதுவரை நீங்கள் போட்டது எவ்வளவு, அவர் போட்டது எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள், அவர் வந்து இறங்கும் முதல் நாளே வேண்டாம், மூன்றாம் நாள் எல்லோரும் சாப்பிட்டு உட்கார்ந்த பிறகு. கதவு வேண்டுமென்றால் அந்த 80 அவருடையது. தருகிறேன் என்றாலும் இந்தப் பருவம் முடியட்டும், காற்று அடிக்கும்போது திறந்த தாழ்வாரத்தில் கண்ணாடி மாட்ட ஆள் வரமாட்டார்கள்.