எல்டோரா களிமண் தடம்: கேள்வி பதில்

கேள்வி: சுமார் 200 பேர் வாழும் ஊர்ப்பக்கம் இவ்வளவு பெரிய கார்ப் பந்தயத் தடம் எப்படி வந்தது?

பதில்: அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம், ராஸ்பர்க் பக்கம். ஏர்ல் பால்ட்ஸ் இசைக்குழு நடத்தியவர். அங்கிருந்த நடனக் கூடத்தை வாங்கி, பக்கத்து நிலத்தில் 1954இல் கால் மைல் தடம் போட்டார். பிறகு நீட்டி நீட்டி அரை மைலாக்கினார். வளைவில் 24 பாகைச் சரிவு, நேர்ப்பகுதியில் 8. கூட்டத்தை இழுத்தது பரிசுப் பணம். 1971இல் முதல் ‘வேர்ல்டு 100’ பந்தயத்தில் புரூஸ் கூல்ட் வாங்கியது 4,000 டாலர். 1984 ‘கிங்ஸ் ராயல்’ பந்தயத்தில் ஸ்டீவ் கின்சருக்கு 50,000. 2001இல் டானி மோரனுக்குப் பத்து லட்சம்! 2004இல் பந்தய வீரர் டோனி ஸ்டூவர்ட் தடத்தை வாங்கினார்.

கேள்வி: சேற்றில் எப்படி அவ்வளவு வேகம்?

பதில்: சேறு இல்லை, களிமண். தயவுசெய்து மாற்றி எழுதாதீர்கள்.

கேள்வி: தூசி பறக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள்?

பதில்: மேல்மண்ணைச் சில அங்குலம் கிளறி, லாரியில் தண்ணீரைக் கொஞ்சங் கொஞ்சமாக விட்டு, அடிவரை ஊறவிட வேண்டும். பிறகு ரோலர். அதன்பின் கார்களையே மெதுவாகச் சுற்றவிட்டு டயரால் அழுத்துவார்கள். பந்தயம் தொடங்குமுன் அவசரமாகத் தண்ணீர் அடிக்கவே கூடாது: மேலே வழுக்கும், அடியில் காய்ந்திருக்கும், டயர் பிய்த்துக் குழியாக்கும். ஈரம் குறையக் குறைய உள்வரிசை கறுத்து வழுக்கும். உதிர்மண் வெளிச்சுவரோரம் திட்டாகச் சேரும். பிடிப்பு அங்கேதான், தைரியம் உள்ளவர் அங்கேதான் ஓட்டுவார். இன்னும் காய்ந்தால் டயர் ரப்பர் படிந்து, ஓட்ட ஒரே வரிசை மிஞ்சும். முந்தவே முடியாது, டயரும் வெடிக்கும்.

கேள்வி: வலது பின்டயர் ஏன் பெரிது?

பதில்: இரு பின்சக்கரமும் ஒரே அச்சில் பூட்டியவை. இடப்பக்கமே திரும்புவதால் வெளிச்சக்கரம் அதிக தூரம் உருள வேண்டும். சுற்றளவு கூடினால் கார் தானாக வளையும். ரொம்பக் கூட்டினால் நேர்ப்பகுதியிலும் இடப்பக்கம் இழுக்கும்.

கேள்வி: அமெரிக்கக் கார்ப் பந்தய அமைப்பான நாஸ்கார், பிரிஸ்டல் தடத்தில் கான்கிரீட் மேல் மண் கொட்டி ஓட்டியது. எல்டோராவுக்கு மட்டும் என்ன தனிப்பெருமை?

பதில்: அந்த உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. நாஸ்காரின் தேசியத் தொடர்களில் அதற்கு முந்தைய கடைசி மண் பந்தயம் 1970இல் ராலி நகரில். ரிச்சர்ட் பெட்டி வென்றார். மறுபடி மண்ணுக்கு வந்தது 2013இல், எல்டோராவின் பிக்கப் டிரக் பந்தயம். ஆஸ்டின் டில்லன் வென்றார். 2019 வரை நடந்தது. 2021இல் பிரிஸ்டல்: பட்டப்பகலில் தூசி மண்டி, எதிரே தெரியாமல், ஒற்றை வரிசையில் மறுதொடக்கம் செய்தார்கள்.

கேள்வி: அடுத்த ஆண்டே இரவுக்கு மாற்றிச் சரிசெய்தார்களே!

பதில்: வெயிலைத் தவிர்த்தார்கள். அடியில் கான்கிரீட் அப்படியே இருந்தது. ஈரத்தைத் தேக்கிவைக்க ஆழமான மண் இல்லாமல் நீரை எங்கே பிடிப்பது? 2024இல் கான்கிரீட்டுக்கே திரும்பினார்கள்.

கேள்வி: தூசிக்கு என்ன செய்கிறார்கள்?

பதில்: மூன்றாவது பதில்.

கேள்வி: எங்கள் ஊர் மைதானத்தில் சின்னதாக ஒன்று போட நினைக்கிறோம். லாரித் தண்ணீர் இருக்கிறது, பந்தயத்துக்கு ஒரு மணி முன்னால் அடித்தால் போதுமா?

பதில்: போதாது. முந்தைய நாளே தொடங்குங்கள். மணல் கலந்த மண் என்றால் அதுவும் உதவாது. ஈரமண்ணைக் கையில் பிடித்து அழுத்துங்கள், உருண்டையாக நின்றால் மேற்கொண்டு கேளுங்கள்.