புதினாவுக்கு விதைப் பக்கற் எதற்கு?

கேள்வி: ஃபேஸ்புக்கில் விளம்பரம் பார்த்து "பெப்பர்மின்ட் விதை" என்று ஒரு பக்கற் 450 ரூபாய்க்கு எடுத்தேன். கூரியர்காரர் கையில் காசு கொடுத்தாயிற்று. ஐந்து கிழமை தண்ணீர் ஊற்றியும் இரண்டு புல்தான் முளைத்தது. காசைத் திருப்பிக் கேட்கலாமா? (வெள்ளவத்தை)

பதில்: தாராளமாகக் கேட்கலாம். நானும் ஒருகாலத்தில் நீல ரோசா விதை வாங்கினவன்தான், ஆகவே சிரிக்கவில்லை.

பெப்பர்மின்ட் என்பது ஸ்பியர்மின்ட், நீர்ப்புதினா என்ற இரண்டு புதினா இனங்கள் கலந்து வந்த செடி. அது பூக்கும், ஆனால் முளைக்கிற விதை அனேகமாகக் கட்டாது, தண்டை வெட்டி நட்டுத்தான் பெருக்குவார்கள். அந்தப் பெயர் போட்ட விதைப் பக்கற்றைக் கண்டால் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை, விட்டுவிடுங்கள். நாம் சம்பலுக்குப் போடும் சாதாரணப் புதினாவுக்கு விதை உண்டுதான், ஆனால் மூக்குப்பொடி மாதிரிச் சின்னது, முளைத்தாலும் தாய்ச்செடியின் மணம் அப்படியே வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, ஏனென்றால் புதினா இனங்கள் ஒன்றோடொன்று சுலபமாகக் கலந்துவிடும்.

காசு விஷயம். விளம்பரத்தையும் நீங்கள் பேசிய மெசேஜ்களையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள், பார்சலில் ஒட்டியிருந்த துண்டை எறிய வேண்டாம். முதலில் விற்றவருக்கே எழுதிப் பாருங்கள். பதில் இல்லாவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம், அவர்களுடைய இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும், ஆகவே "பிறகு பார்ப்போம்" என்று இழுக்காதீர்கள். அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது: நீங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தரத்தான் வேண்டும். பக்கத்துக் கடையில் கேட்கக் கூச்சப்படுகிறோம், முகம் தெரியாத பேஜிலாவது கேட்டு வாங்குங்கள்.

சரி, செடி எங்கே? அது நீங்கள் போன சனிக்கிழமை புரியாணிக்கு வாங்கிய புதினாக் கட்டுக்குள் இருந்தது. சந்தைக்குக் காலையிலேயே போங்கள். பின்னேரம் தண்ணீர் தெளித்து எழுப்பி வைத்த கட்டு வீட்டுக்கு வரும்போதே தலை சாய்ந்துவிடும். அடித்தண்டு கறுக்காத கட்டாகப் பார்த்து வாங்கி, இலையைச் சமையலுக்கு ஆய்ந்துகொண்டு, நுனியில் நாலைந்து இலை விட்ட தடித்த தண்டுகள் ஆறேழை ஒதுக்குங்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, இரண்டு கணு மூழ்கத் தண்ணீரில் போட்டு, வெயில் நேரே படாத ஜன்னலோரம் வைத்தால் ஒரு கிழமை, பத்து நாளில் வெள்ளை வேர் தெரியும். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், இல்லாவிட்டால் தண்டு அழுகும், நுளம்பும் வந்து குடியேறும்.

சாடி ஆழமாக இருப்பதைவிட அகலமாக இருப்பது நல்லது, புதினா பக்கவாட்டில்தான் ஓடும். பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் ஓட்டை போட்டாலே போதும். மண்ணோடு கொம்போஸ்ட், கொஞ்சம் தும்புத்தூள். தும்புத்தூளை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் போடுங்கள், அதில் உப்பு இருக்கும். உங்கள் பல்கனி கடல் பக்கம் பார்த்ததென்றால் பின்னேர வெயிலும் உப்புக் காற்றும் சேர்ந்து இலையைக் கருக்கும், காலை வெயில் விழும் பக்கத்துக்கு மாற்றுங்கள். சாடிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள், வைத்தால் தண்ணீரை அன்றன்றே கொட்டுங்கள். டெங்குச் சோதனைக்கு வருகிறவர்கள் பல்கனியில் முதலில் பார்ப்பது அதைத்தான், வழக்குப் போட்டால் 450 ரூபாயோடு முடியாது.

கேள்வி: பத்தரமுல்லைப் பக்கம் செடிக்கடையில் மூன்று விதப் புதினா இருந்தது, விலையும் மூன்று விதம். எதை எடுப்பது? (தெஹிவளை)

பதில்: விலையை மறந்துவிட்டு ஒரு இலையைக் கசக்கி மணந்து பாருங்கள், அனுமதி கேட்டு ஒன்றைக் கடித்தும் பாருங்கள். தொண்டையில் தைலம் பூசியதுபோல் குளிர்ச்சி ஏறினால் அதில் மென்தோல் (menthol) என்ற குளிர்ச்சிப் பொருள் கூடுதல், தேத்தண்ணிக்குச் சரி, சம்பலில் போட்டால் பற்பசை சாப்பிடுகிற மாதிரி இருக்கும். இனிப்பாக, லேசாக மணப்பதுதான் சமையலுக்கு. அப்புறம் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் செம்மஞ்சள் புள்ளி புள்ளியாகத் தூள் ஒட்டியிருந்தால் அது துரு நோய், பூஞ்சணம், சும்மா தந்தாலும் எடுக்காதீர்கள், வீட்டில் இருக்கிற புதினாவுக்கும் பரவும். பெரிய சாடியில் இருப்பதற்குக் கூடக் காசு கொடுப்பது வீண், சின்னப் பையில் இருக்கிறது ஒன்றிரண்டு மாதத்தில் அதே அளவுக்கு வந்துவிடும். நிலத்தில் மட்டும் நட வேண்டாம், மதில் ஓரமாக வைத்தால் கொஞ்ச நாளில் கறிவேப்பிலை அடிவரை போய்விடும்.

கேள்வி: புதினாச் சம்பல் அரைத்துச் சாப்பாட்டுக்கு வைக்கும்போது கறுத்துப் போகிறதே? (கொட்டாஞ்சேனை)

பதில்: அரைபடும்போது இலையில் காற்றுப் படுகிறது, பிளெண்டர் சூடும் சேர்கிறது, அதனால்தான். ஐஸ் தண்ணீர் ஊற்றி, தேங்காய்ப்பூவையும் பச்சை மிளகாயையும் முதலில் அரைத்து, புதினாவைக் கடைசியில் போட்டு இரண்டு சுற்று மட்டும் விடுங்கள். தேசிக்காய்ப் புளியை அதோடேயே பிழியுங்கள், புளிப்பு கறுப்பதைத் தாமதப்படுத்தும். மிஞ்சியதைச் சின்னப் போத்தலில் மேல்வரை நிரப்பி ஃபிரிட்ஜில் வையுங்கள், பாதிப் போத்தலாக வைத்தால் காலையில் மேல்பக்கம் கறுத்துத்தான் இருக்கும்.