எல்லாருக்கும் ஏழு போட்ட நடுவர்: தரவரிசைக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தர ஒட்டுறவு (இரண்டு தரவரிசைகள் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்ற கணக்கு) பற்றியவை. எண்களை அனுப்பாமல் "விடை சரியா ஐயா?" என்று மட்டும் கேட்ட மூவருக்குப் பதில் இல்லை. எனக்கு ஜோசியம் தெரியாது.

கேள்வி: பண்பளவை சாராச் சோதனைகளுக்கு (தரவின் பரவல் இன்ன வடிவம் என்று கேட்காத சோதனைகள்) நிபந்தனையே கிடையாது என்று டியூஷனில் சொன்னார்கள். சரிதானே? (மாணவி, கத்ர் போர்ன், மொரீஷியஸ்)

தவறு. தரவு இயல்நிலைப் பரவலில் (நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரியும் மணி வடிவத்தில்) இருக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான் சலுகை. ஓர் அளவீடு இன்னொன்றைச் சாராதிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அப்படியே நிற்கிறது. ஒரே வீட்டு நாலு பிள்ளைகளைக் கேட்டுவிட்டு நாலு தனி மாதிரி என்று எழுதினால் எந்தச் சோதனையும் காப்பாற்றாது. அதோடு, மான்-விட்னி (இரு குழுக்களைத் தரவரிசை வைத்து ஒப்பிடும் சோதனை) இரண்டு இடைநிலை அளவுகளை (வரிசையில் நடுவில் நிற்கும் மதிப்புகளை) ஒப்பிடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். இரண்டு பரவல்களும் ஒரே வடிவில் இருந்தால்தான் அப்படிச் சொல்லலாம். முதலில் படம் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: மான்-விட்னியும் வில்காக்சனும் ஒன்றா? (போர்ட் லூயி)

வில்காக்சன் 1945-இல் இரண்டு சோதனைகள் தந்தார். தரக் கூட்டல் சோதனையும் 1947-இல் வந்த மான்-விட்னியும் ஒன்றே. இணை இணையாக அளந்த தரவுக்கான குறித் தரச் சோதனை வேறு. எந்த வில்காக்சன் என்று சொல்லாமல் அறிக்கை எழுதாதீர்கள்.

கேள்வி: புதிய கரும்பு ரகம் மூன்று பாத்தி, பழையது மூன்று பாத்தி. புதியது மூன்றிலும் விளைச்சல் அதிகம். ஆனாலும் மான்-விட்னியில் பி மதிப்பு (ரகங்களுக்குள் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இப்படி ஒரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.10-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. மென்பொருளில் கோளாறா?

கோளாறு பாத்திகளின் எண்ணிக்கையில். ஆறு பாத்திகளில் மூன்றைத் தேர்ந்தெடுக்க 20 வழிகள். இரு பக்க உச்சங்களையும் சேர்த்தால் 20-இல் 2. அதுதான் உங்கள் 0.10. வானமே இடிந்து விழுந்தாலும் அதற்குக் கீழே போகாது. நாலுக்கு நாலு வைத்திருந்தால் 70 வழிகள், 0.03 வரை இறங்கும். குறித் தரச் சோதனைக்கும் இதே கதைதான்: 0.05-க்குக் கீழே இறங்க ஐந்து இணைகள் போதாது, ஆறாவது வேண்டும். நடுவதற்கு முன்பே இதைக் கணக்குப் போட்டிருக்கலாம்.

கேள்வி: கோவில் மாலைப் பள்ளியில் தேவாரப் போட்டி. ஆறு பிள்ளைகள், இரண்டு நடுவர்கள். முதல் நடுவர் ஒரு சிறுமிக்கு 9, மற்ற எல்லாருக்கும் 8. இரண்டாமவர் அதே சிறுமியைக் கடைசியில் வைத்துவிட்டார். ஸ்பியர்மேன் சூத்திரத்தில் (தர ஒட்டுறவை -1 முதல் 1 வரை சொல்லும் கெழு) -0.14 வந்தது. இருவர் மதிப்பீட்டுக்கும் தொடர்பில்லை என்று எழுதலாமா? (ஆசிரியை, ரோஸ் ஹில்)

எழுதாதீர்கள் அம்மா. சரியான விடை -0.65.

வித்தியாசங்களை வர்க்கித்துக் கூட்டி ஆறால் பெருக்கும் அந்தக் குறுக்குச் சூத்திரத்தின் மேல் எனக்குப் பழைய கோபம் உண்டு. ஒன்று முதல் ஆறு வரை ஒவ்வொரு தரமும் ஒரே ஒரு முறை வரும் என்று நம்பித்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள். உங்கள் முதல் நடுவரிடம் ஒரு 1, ஐந்து 4. (2 முதல் 6 வரையுள்ள இடங்களின் சராசரி 4. பரிசு மேடையில் 1, 2, 2, 4 என்று அழைக்கலாம், கணக்கில் 1, 2.5, 2.5, 4.) அடித்தளமே போன பிறகு சூத்திரம் எங்கே நிற்கும்? தரங்களைச் சாதாரண எண்களாக வைத்துப் பியர்சன் ஒட்டுறவு (எண்களுக்குப் போடும் வழக்கமான நேர்கோட்டு ஒட்டுறவு) காணுங்கள். சமத் தரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஸ்பியர்மேன் கெழு அதுதான்.

இன்னும் கேளுங்கள். ஒரு நடுவர் யார் மனமும் நோகக்கூடாது என்று எல்லாருக்கும் 7 போடுகிறார். ஆறு பேருக்கும் தரம் 3.5. மற்ற நடுவர் எப்படி வரிசைப்படுத்தினாலும் வர்க்கங்களின் கூட்டல் 17.5 தான் வரும். ஆறால் பெருக்கி 210-ஆல் (சூத்திரத்தின் கீழ்ப்பகுதி, ஆறு பேருக்கு 6 × (36 - 1)) வகுத்தால் அரை. ஒன்றிலிருந்து கழித்தாலும் அரை. அறுபது பிள்ளைகள் என்றாலும் அதே 0.5! எதையுமே வேறுபடுத்தாத மனிதர் உலகத்து நடுவர்கள் எல்லாரோடும் பாதி ஒத்துப்போகிறாராம். உண்மையில் அங்கே கெழுவே கிடையாது. பியர்சன் போட்டால் பூஜ்ஜியத்தால் வகுக்க நேரும். பல வருடங்களுக்கு முன் ஒரு போட்டி அறிக்கையில் இப்படிப் பிறந்த 0.5-ஐ "மிதமான உடன்பாடு" என்று அச்சடித்து என் கையிலேயே கொடுத்தார்கள். எடுத்துச் சொன்னேன். அடுத்த வருடமும் அதே சூத்திரம்.

ஸ்பியர்மேன் எழுதியது 1904-இல். கையால் கூட்டிக் கழித்த காலத்தில் குறுக்கு வழிக்கு நியாயம் இருந்தது. இன்று உங்கள் கைப்பேசியே பியர்சன் போடும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு: ஆறே பிள்ளைகள் என்பதால் -0.65 கூடப் பெரிய சாட்சியில்லை. 5 சதவீத மட்டத்துக்கு (பி மதிப்பு 0.05) ஏறக்குறைய 0.89 வேண்டும். அடுத்த முறை மூன்று நடுவர்களை அழைத்தால் கெண்டாலின் இசைவுக் கெழுவை (பல நடுவர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று காட்டுவது) பாருங்கள், அதிலும் சமத் தரத்துக்குத் திருத்தம் போட்டு.

கேள்வி: போர்ட் லூயியின் ஷாம் தெ மார்ஸ் பந்தயத் திடலில் ஒரு பருவம் முழுக்க ஓடிய குதிரைகளின் வயதுக்கும் முடித்த இடத்துக்கும் ஸ்பியர்மேன் 0.05. வயதுக்குத் தொடர்பில்லைதானே?

1812-இலிருந்து அங்கே குதிரை ஓடுகிறது, வயதை வைத்துப் பணம் கட்டுபவர்களும் ஓய்ந்தபாடில்லை. எத்தனை குதிரைகள் என்று நீங்கள் எழுதவில்லை. எட்டுக் குதிரை ஓடிய பந்தயத்தில் எட்டாமிடம் கடைசி. பன்னிரண்டு ஓடியதில் அப்படியில்லை. இரண்டையும் ஒரே குவியலில் கொட்டியிருக்கிறீர்கள். போதாததற்கு, ஒரு பந்தயத்தில் ஒன்று முந்தினால் இன்னொன்று பிந்தித்தான் ஆக வேண்டும். மேலே சொன்ன சாராமை நிபந்தனை இங்கே காலி. இளசும் கிழடும் பின்தங்கி நடுவயது முந்தினாலும் கெழு பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் வரும், ஏனென்றால் ஏறிக்கொண்டே போவதையோ இறங்கிக்கொண்டே போவதையோ மட்டும்தான் ஸ்பியர்மேன் அறிவார். படம் போட்டீர்களா?

கேள்வி: மாத மழை அளவுக்கும் எங்கள் கடை வியாபாரத்துக்கும் பியர்சன் -0.8, ஸ்பியர்மேன் -0.2. எதை எழுதட்டும்? (கியூர்பிப்)

புயல் வந்த மாதம் ஒன்று உள்ளே இருக்கிறது என்று பந்தயம் கட்டுவேன். மழை உச்சம், கடை அடைப்பு. அந்த ஒரு புள்ளியே பியர்சனை இழுத்துக்கொண்டு போயிருக்கும்; தரவரிசையில் அதுவும் வெறும் முதலிடம்தான். இரண்டையும் எழுதி, அந்த மாதத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். சிதறல் படத்தையும் சேர்த்து அச்சிடுங்கள்.

கேள்வி: தரமாக மாற்றினால் தகவல் வீணாகாதா?

கொஞ்சம். தரவு இயல்நிலையாகவே இருந்தாலும், டி-சோதனைக்கு (இரண்டு சராசரிகளை ஒப்பிடும் வழக்கமான சோதனை) 100 பேர் என்றால் மான்-விட்னிக்குச் சுமார் 105. அந்த ஐந்து பேருக்காக அழ வேண்டாம்.

கேள்வி: ஃபிரீட்மன் சோதனை (ஒரே ஆட்களிடம் பல முறை அளந்ததைத் தரவரிசையால் ஒப்பிடுவது) பொருளாதார நிபுணர் மில்டன் ஃபிரீட்மனுடையதா?

அவரேதான். சோதனை 1937, நோபல் 1976.

கேள்வி: கெண்டாலின் டௌ ஏன் ஸ்பியர்மேனை விடச் சிறியதாகவே வருகிறது?

வேறு அளவுகோல். ஒத்துப்போகும் ஜோடிகள் எத்தனை, முரண்படும் ஜோடிகள் எத்தனை என்று எண்ணுகிறது டௌ. பெரும்பாலும் ஸ்பியர்மேனில் மூன்றில் இரண்டு பங்கு அளவில் நிற்கும். பெரியதாக வந்ததைப் பொறுக்கி எழுதுவது மட்டும் கூடாது.

கேள்வி: 14 பத்திகள் கொண்ட அட்டவணையை அனுப்பியிருக்கிறேன். எந்த டெஸ்ட் போடட்டும் ஐயா?

எதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறீர்கள் தம்பி? அதை ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள். பத்தித் தலைப்புகளையும் சேர்த்து.