நீரோட்டத்தோடு போகும் டைவிங்கில் படகுக்கு எப்படித் திரும்புவது?

திரும்ப வேண்டியதே இல்லை, படகுதான் உங்களைத் தேடி வரும். மெக்சிகோவின் கோசுமெல் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்குக் கரையோரப் பவளப்பாறைகளை ஒட்டி நீரோட்டம் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காக ஓடும். பலன்கார் பாறைப் பக்கம் இறங்கினால் துடுப்புக் காலை அதிகம் அடிக்காமலே நகரலாம். படகோட்டி காற்றுக் குமிழிகளைப் பார்த்தபடி மேலே பின்தொடர்வார். நீர்மட்டத்துக்கு ஏறுவதற்கு முன் வழிகாட்டி ஒரு நீள மிதவையில் காற்றடைத்து மேலே அனுப்புவார். உங்களிடமும் ஒன்று இருப்பது நல்லது.

சரி, நடுவில் நிற்க வேண்டுமென்றால்? எதிர்நீச்சல் போடாதீர்கள், உருளையில் உள்ள காற்று சீக்கிரம் தீர்ந்துவிடும். தரையை ஒட்டி நீரோட்டம் மெதுவாக இருக்கும். பெரிய பாறையின் மறைவுக்குப் போனால் இன்னும் அடங்கிவிடும். ஆனால் பவளத்தை மட்டும் பிடிக்கவே கூடாது. அது உயிருள்ளது, கை பட்டாலே மேல்திசு சிதையும். கோசுமெல் பாறைகள் இருக்கும் கடல் பூங்காவில் கையுறைக்கே தடை, எனக்கு மிகவும் பிடித்த விதி அது. வெறுங்கையோடு யாரும் பாறையைப் பிடிக்கத் துணிய மாட்டார்கள்.

புதியவர்கள் முதலில் மிதப்புக் கட்டுப்பாட்டை, அதாவது மூழ்காமலும் மேலெழாமலும் ஒரே ஆழத்தில் நிற்பதை, நன்றாகப் பழகிவிட்டு, நீரோட்டம் மெதுவான நாளில் வழிகாட்டியோடு இறங்கலாம்.