தளவாய் என்றால் படைத்தலைவர்

கேள்வி: என் பேரனுக்கு என் மாமனார் பெயரையே வைத்தோம், தளவாய் என்று. பள்ளிக்கூடத்தில் ‘தளவாடம், தளவாடம்’ என்று கூப்பிட்டுக் கேலி செய்கிறார்களாம். அழுதுகொண்டே வீட்டுக்கு வருகிறான். இந்தப் பெயருக்கு என்ன பொருள்? தளபதி, சேதுபதி எல்லாம் இதே பொருள்தானா?
– ஒரு வாசகி, மண்டபம்

பதில்: அம்மா, பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதைப் படித்துக் காட்டுங்கள். தளம் என்றால் படை. தளவாய் என்றால் படைத்தலைவர். மதுரை நாயக்கர் ஆட்சியில் தளவாய் போர்க்களத்தோடு நின்றவர் இல்லை, ராஜ்ஜியக் காரியங்களையும் சேர்த்துப் பார்த்தவர். அரியநாத முதலியார் அப்படிப்பட்ட தளவாய். மைசூரில் தளவாய்கள் ராஜாவையே மிஞ்சி நின்ற காலமும் உண்டு.

நம் சீமைக் கதைதான் எனக்கு இன்னும் பிடிக்கும். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கரின் தளவாய் ராமப்பையன், ராமநாதபுரத்தைச் சுற்றிய சேதுச்சீமை மேல் படையெடுத்து வந்தார். அந்தச் சீமையை ஆண்ட சேதுபதி ராமேசுவரம் தீவுக்குள் போய் நின்றுகொண்டார். ராமப்பையன் விடவில்லை, கடலைத் தூர்த்துப் பாதை போட்டார் என்று அம்மானைப் பாட்டு சொல்கிறது. அங்கே எதிர்த்து நின்ற இரண்டாம் சடைக்கன் சேதுபதிக்கும் வரலாற்றில் என்ன பெயர் தெரியுமா? தளவாய் சேதுபதி! இந்தப் பக்கமும் தளவாய், அந்தப் பக்கமும் தளவாய். நடுவில் உங்கள் ஊர்க் கரையிலிருந்து தெரிகிற அதே பாம்பன் தண்ணீர்.

சரி, மற்ற இரண்டு சொற்கள். பதி என்றால் தலைவன். தளத்துக்குப் பதி தளபதி, ராமர் கட்டியதாகச் சொல்கிற பாலமான சேதுவுக்குப் பதி சேதுபதி. பின்னது படைப் பதவி இல்லை, சேதுவைக் காக்கிறவர் என்ற பட்டம். ராமநாதபுரத்தில் படை நடத்தியவர்களைச் சேர்வைக்காரர் என்றார்கள். 18ஆம் நூற்றாண்டில் வெள்ளையன் சேர்வைக்காரர் அப்படிப் பேர் வாங்கியவர்.

கடலிலும் ஒரு தலைவர் உண்டு. என் அப்பா தோணிக்குப் போனவர். தோணியை நடத்துகிறவரை அவர் ‘தண்டல்’ என்பார். ராத்திரிச் சாப்பாட்டில் தண்டல் பேச்சு வந்தால், தட்டில் அளைந்துகொண்டிருந்த அப்பாவின் கை அப்படியே நின்றுவிடும். காற்று திரும்பும்போது பாயை இறக்கு என்று தண்டல் ஒரு சொல் சொன்னால் மறுபேச்சு கிடையாதாம். எனக்குத் தளபதி என்ற சொல்லைக் கேட்டாலும் அந்த முகம் தெரியாத மனிதர்தான் நினைவுக்கு வருகிறார்.

அப்புறம் அந்தத் தளவாடம். ராணுவத் தளவாடம் என்று தினம் செய்தித்தாளில் வருகிறதே, துப்பாக்கி, பீரங்கி எல்லாம் அதில் அடக்கம். மேசை, நாற்காலிக்கும் அதைச் சொல்வதுண்டு. ஆனால் தளவாடம் பொருள், தளவாய் ஆள். அந்தப் பொருளை எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று உத்தரவு போடுகிற ஆள். பேரன் இதை வகுப்பில் எழுந்து நின்று சொல்லட்டும்.

ஒரு காரியம் மட்டும் உடனே பாருங்கள். நான் வாத்தியாராக இருந்தபோது பதிவேடுகளில் இந்தப் பெயரைத் ‘தலவாய்’ என்று எழுதியதைப் பலமுறை திருத்தியிருக்கிறேன். பையனின் சான்றிதழை எடுத்து, ‘ள’ இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.